ராயபுரத்துக்குப் போன பெண்கள்

பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு மாலை ஞானம் வாத்தியாரம்மா எத்திராஜின் வீட்டுக்கு வந்தார். டோல்கேட்டுக்குப் பின்னால் இருந்த பெண்கள் ஆரம்பப் பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கும் அவரும் ஓர் உதவி ஆசிரியையும்தான். அவர் யார் வீட்டு வாசலில் வந்து நின்றாலும் அந்த வீட்டுப் பெண் ஏதோ தப்புச் செய்துவிட்டாள் என்று அர்த்தம். அன்றைக்கு அப்படியில்லை.

“வேம்பு நல்லா படிக்கிறா. கணக்குல அவளை மிஞ்ச ஆள் இல்ல. கோடை லீவு முடிஞ்சதும் ராயபுரத்துப் பெரிய பள்ளிக்கூடத்துல முதல் பாரத்துல, அதான் ஆறாவதுல, சேர்த்துடுங்க” என்றார்.

எத்திராஜ் துறைமுகத்தில் மூட்டை சுமந்துவிட்டு அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் பேசினாள்.

“பெரியவள அனுப்பிச்சோமே வாத்தியாரம்மா. ஆறு மாசம்கூட தாங்கல. இப்ப சின்னதையும் அனுப்பிச்சி இன்னா ஆவப்போவுது?”

“கெங்கம்மாவை நீங்கதானே நிறுத்தினீங்க? அவ அப்பாவுக்கு வேலை குறைஞ்சுபோச்சு, வீட்டுக்கு ஒத்தாசையா இருக்கணும்னு என்கிட்ட சொன்னாளே.”

எத்திராஜ் செம்பைக் கீழே வைத்தார். “நானா நிறுத்துனேன்? எனக்குப் படிப்பு ஏறல நைனா, உட்டுடுன்னு அதுதான் அய்துகினு நின்னுச்சி. எனக்கு எந்த நாளு வேலை கொறைஞ்சிது?”

மூன்று பேரும் கெங்கம்மாவைப் பார்த்தார்கள். அவளுக்குப் பதினெட்டு வயது. ராயபுரத்தில் கப்பலுக்குப் போகிற வேர்க்கடலையைப் புடைத்துச் சொத்தை பொறுக்கும் கிடங்கில் வேலை. தலைமுடியில் இன்னும் கடலைத் தோல் ஒட்டியிருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் வீட்டில் ஒரு காரணமும் பள்ளியில் ஒரு காரணமும் சொல்லித் தப்பித்தவள், இப்போது இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள்.

“அங்க அவங்க பேசுனது எனக்கு ஒண்ணுமே புரியல” என்றாள். “அத்த உங்ககிட்ட எப்படி சொல்றது வாத்தியாரம்மா? உங்க கையிலதான படிச்சேன். சொன்னா உங்களுக்கு அவமானம்னு நெனைச்சேன்.”

ஞானம் வாத்தியாரம்மா, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார்.

படுக்கும்போது வேம்பு கேட்டாள். “எனக்கும் அங்க புரியாதாக்கா?”

கெங்கம்மா அவளுக்குப் போர்வையை இழுத்துவிட்டு விளக்கை அணைத்தாள். மறுநாள் கிடங்கில் முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். தான் மக்கு, அதனால்தான் படிப்பு ஏறவில்லை. இத்தனை நாளாக அவள் நம்பியிருந்தது அது. ஆனால் வேம்பு மக்கு இல்லை. அவளும் திரும்பி வந்துவிட்டால் காரணம் வேறு எதுவாகவோதான் இருக்க வேண்டும்.

வேலை விட்டதும் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஞானம் வாத்தியாரம்மா கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“நம்ம இஸ்கூல்லேருந்து ராயபுரம் போனவங்கள்ல யாருனா கடைசி வரைக்கும் படிச்சாங்களா?”

வாத்தியாரம்மா துணியை மடித்து மேஜைமேல் வைத்தார். “வருஷத்துக்கு ரெண்டு மூணு பேரு போவாங்க. ஒருத்தியும் முடிக்கல. சிலுவையம்மாள் இரண்டாம் பாரம் வரைக்கும் போனா. அவ அம்மாவுக்கு உடம்பு முடியாமப் போச்சு. பச்சையம்மாவுக்குக் கல்யாணம் பேசிட்டாங்க. உன் கதை தெரியும்.”

“சிலுவ அம்மாவுக்கு உடம்பு முடியலன்னு யாரு சொன்னாங்க?”

“அவதான் சொன்னா.”

சொல்லி முடித்தபிறகுதான் வாத்தியாரம்மாவுக்கு அது உறைத்தது. அவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“நான் போய் அவங்கள கேக்குறேன்” என்றாள் கெங்கம்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ரயிலேறி எண்ணூரில் இறங்கி, மணலில் நடந்து நெட்டுக்குப்பத்துக்குப் போனாள். பச்சையம்மா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். முகத்துவாரத்தின் ஓரம் பாயை விரித்து மீன் உலர்த்திக்கொண்டிருந்தவள், கெங்கம்மாவை அடையாளம் கண்டு சிரித்தாள். கேள்வியைக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

“கல்யாணம் அதுக்கு ரெண்டு வருசம் கயிச்சிதான் ஆச்சி” என்றாள். “மொத நாளு அந்த மிஸ்ஸு என்ன பாத்து இன்னாவோ சொன்னாங்க. நான் எய்ந்து நின்னேன். மறுபடியும் சொன்னாங்க. நான் நின்னுகினே இருந்தேன். அவங்க குந்துன்னு சொல்லியிருக்காங்க. எனக்கு இன்னா தெரியும்? அத்தினி பேரும் சிரிச்சாங்க. அப்பால நான் வாயே தெறக்கல. ஒரு மாசம் போனேன். வூட்ல வவுத்து வலின்னும் இஸ்கூல்ல கல்யாணம்னும் சொல்லி நின்னுட்டேன்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான். அதுக்கே ராத்திரியெல்லாம் தூக்கம் வராது. இந்தக் கதைய எங்கூட்டுக்காரருகிட்டகூட நான் சொன்னதில்ல.” மீனைத் திருப்பிப் போட்டாள். “உனுக்கு இன்னா ஆச்சி?”

கெங்கம்மா முதல் தடவையாக அதைச் சொன்னாள். கணக்குப் பரீட்சையில் வகுத்தல் கணக்கு வந்திருந்தது. வகுத்தல் அவளுக்கு மனப்பாடம். ஆனால் கேள்வி இங்கிலீஷில் இருந்தது. எதைச் செய்யச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் எல்லாவற்றையும் பெருக்கி வைத்துவிட்டாள். தாளின் குறுக்கே சிவப்பு மையில் பெரிய பூஜ்யம். அவளுடைய பெருக்கலில் ஒரு பிழைகூட இல்லை.

“அப்ப நீ மக்கு இல்லியா?” என்றாள் பச்சையம்மா.

“நீ?”

பச்சையம்மா காக்கையை விரட்ட எழுந்தாள். கிளம்பும்போது ஒரு பிடி நெத்திலியை இலையில் கட்டிக் கொடுத்தாள்.

சிலுவையம்மாளைத் தேடிப் போக அதிகத் தூரமில்லை. ராயபுரத்தில் கோயிலுக்குப் பின்சந்தில் அவள் அப்பா கஸ்பாரின் வீடு. ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் வேலை பார்த்தவர். சிலுவையம்மாள் பிரசவ ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிறாள். மூவரில் அவள்தான் கெட்டிக்காரி என்று கெங்கம்மா எப்போதும் நினைத்திருந்தாள். அதனால் பச்சையம்மாவிடம் கேட்டதைவிடத் தயங்கிக் கேட்டாள்.

சிலுவையம்மாள் தயங்கவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, முதல் பாரத்து இங்கிலீஷ் புத்தகத்தின் பாடம் ஒன்றைக் கடகடவென்று ஒப்பித்தாள். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எட்டு வருஷம் ஆகியிருந்தது.

“சோக்கா கீதே. இன்னா அர்த்தம்?” என்றாள் கெங்கம்மா.

“தெரியாது.”

“எதப் பத்தின பாடம்?”

“ஒட்டகம்னு நெனைக்கிறேன். படத்துல ஒட்டகம் இருந்திச்சி.” சிலுவையம்மாள் உட்கார்ந்தாள். “புஸ்தகம் மொத்தமும் நெட்டுரு போட்டேன். முதல் பாரத்துல தேறிட்டேன். ரெண்டாம் பாரத்துல அந்த மிஸ்ஸு, புஸ்தகத்த மூடு, உன் வார்த்தையில சொல்லுன்னாங்க. என் வார்த்தைன்னு ஒண்ணுகூட என்கிட்ட இல்ல. எங்கம்மாவ படுக்க வெச்சேன்.”

“படுக்க வெச்சியா?”

“பொய்யாத்தான். அது கல்லு மாதிரி நல்லா இருந்திச்சி.”

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் சிலுவையம்மாளின் கண் கலங்கியிருந்தது. கெங்கம்மா அவள் தோளில் கை வைத்தாள். “என் தங்கச்சி ஆனியில அங்க போவணும். அவ திரும்பி வரக்கூடாது. நீ எனக்கு ஒத்தாசை பண்ணணும்.”

“நான் இன்னா பண்ண முடியும்? நானே ஓடியாந்தவ.”

“எங்க பள்ளம் கீதுன்னு வியுந்தவங்களுக்குத்தான தெரியும்.”

ஞானம் வாத்தியாரம்மாவிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மெழுகவில்லை. வாத்தியாரம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, “எனக்கே இங்கிலீஷ் சரியா வராது கெங்கம்மா. எட்டாவதுல எப்படியோ தேறினேன். அதனால அந்தப் பக்கமே போகாம இருந்துட்டேன்” என்றார். பிறகு, “காலையில பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு முன்னால இடம் சும்மாத்தான் இருக்கு. எடுத்துக்கோங்க. நானும் உட்கார்றேன்” என்றார்.

இடம் கிடைத்தது. ஆனால் எதைச் சொல்லிக்கொடுப்பது? சிலுவையம்மாளுக்கு ஒட்டகப் பாடம்தான் தெரியும். கெங்கம்மாவுக்கு அதுவும் தெரியாது. ராயபுரத்து வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதை, பயந்துபோன பதினொரு வயதுப் பெண்ணாக இல்லாமல், இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று கெங்கம்மா முடிவு செய்தாள்.

பெரிய பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை ஃப்ளோரன்ஸ் அம்மாள் அவளை நிற்க வைத்தே பேசினார். ஆனால் கடுமையாகப் பேசவில்லை.

“டோல்கேட் பள்ளிக்கூடத்துலேருந்து வர்ற பொண்ணுங்க நிலைக்கிறதே இல்ல. அதனால இந்த வருஷம் அவங்களை நாலாம் வகுப்புலதான் சேர்க்கறதுன்னு முடிவு பண்ணியிருக்கேன்.”

“நாலாம் வகுப்பா? அஞ்சு பாஸ் பண்ணிட்டு வந்து மறுபடியும் நாலா? அப்ப ஒருத்தரும் சேக்கமாட்டாங்கம்மா.”

“வேற வழி என்ன? ஏன் நிக்கறீங்கன்னு நான் ஒவ்வொருத்தியையும் கேட்டேன். ஒருத்தி கல்யாணம்னா. ஒருத்தி அம்மாவுக்கு சீக்குன்னா.”

“நான் வேலைக்குப் போவணும்னு சொன்னேன். அது பொய்யிம்மா. மூணு பேரும் சொன்னது பொய்யி.”

ஃப்ளோரன்ஸ் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். அவள் எந்த வருஷத்துப் பெண் என்று ஞாபகப்படுத்திப் பார்க்கிற மாதிரி இருந்தது.

“இங்கே பொண்ணுங்க மூணாம் வகுப்புலயே இங்கிலீஷ் ஆரம்பிச்சுடறாங்க. முதல் பாரத்துல எல்லாமே இங்கிலீஷ்லதான் நடக்கும். வகுப்பு நிறையப் பொண்ணுங்க. ரெண்டு பேருக்காக ஏ, பி, சி-யிலேருந்து ஆரம்பிக்க முடியாது. அதை நீயும் புரிஞ்சுக்கணும்.”

“யாரு மேல தப்புன்னு கேக்க வரலம்மா. ஒரு வாரம் முதல் பாரத்துல நான் குந்திக்கிறேன். இன்னா நடக்குதுன்னு பாக்கணும்.”

“உன் வயசுப் பொண்ணை அங்கே உட்கார வச்சா அவங்க படிக்க மாட்டாங்க. உன்னைத்தான் பார்ப்பாங்க. பெஞ்சுலயும் இடம் இல்ல.”

“தரையில குந்திக்கிறேன். பாத்தா பாத்துட்டுப் போவட்டும்.”

கடைசியில் அவர் திங்கட்கிழமை வரச் சொன்னார்.

கிடங்கு மேஸ்திரி சௌக்கத் அலியிடம் ஒரு வாரம் லீவு கேட்டபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “கப்பல் வந்து நிக்குது. இப்ப போய் கேக்குறியே? நீ போனா உன் எடத்துல வேற ஆளைப் போட்டுத்தான் ஆவணும். அப்பால என்ன பேஜாரு பண்ணக்கூடாது.”

“போட்டுக்கோங்க பாய்” என்றாள் கெங்கம்மா. சொல்லிவிட்டு, தலையில் ஒட்டிய கடலைத் தோலைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

முதல் நாள் வகுப்பில் எல்லாரும் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கடைசிச் சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மிஸ் பேசப் பேசப் பழைய பயம் அப்படியே திரும்பி வந்தது. எல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்டது. எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தாள். ஆனால் வேலையை விட்டாகிவிட்டது. போனால் அதற்கும் அர்த்தமில்லை.

இரண்டாம் நாள் அவள் மிஸ்ஸின் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு மற்றப் பெண்களின் கைகளைப் பார்த்தாள். மிஸ் ஒன்று சொன்னதும் எல்லாரும் புத்தகத்தை எடுத்தார்கள். இன்னொன்று சொன்னதும் மூடினார்கள். ஒன்றுக்கு எழுந்தார்கள், ஒன்றுக்கு உட்கார்ந்தார்கள், ஒன்றுக்கு அடுத்த பெண் படித்தாள். புதன்கிழமைக்குள் அவளுக்கு ஒன்று விளங்கிவிட்டது. மிஸ் நாள் முழுக்கப் புதிது புதிதாகப் பேசவில்லை. சொன்னதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். கணக்கு வகுப்பிலும் அப்படித்தான். ‘டிவைட்’ என்றால் வகு. ‘ரிமெயிண்டர்’ என்றால் மீதி. ‘ஹவ் மெனி’ என்றால் எத்தனை. அந்தச் சில வார்த்தைகளின் மேல்தான் மொத்தக் கணக்கும் நின்றது. ஏழு வருஷத்துக்கு முன் தன்னைத் திருப்பி அனுப்பிய சுவர் இவ்வளவு உயரம்தான் என்று தெரிந்தபோது அவளுக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. யாராவது ஒருத்தர் ஒரே ஒரு மாதம் முன்னாலேயே சொல்லியிருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை மாலை ஃப்ளோரன்ஸ் அம்மாள் கேட்டார், “என்ன பார்த்தே?”

“பாத்தத சொல்லிக்குடுக்க ஆனி வரைக்கும் டைம் கீதும்மா. நம்ம பொண்ணுங்கள நாலாம் வகுப்புல போடாதீங்க. முதல் பாரத்துக்கே பரீட்சை வெச்சிப் பாருங்க. தேறலன்னா நான் வந்து கேக்கமாட்டேன்.”

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. அலமாரியிலிருந்து மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகங்களின், ஓரத்தில் பென்சிலால் தமிழ் அர்த்தம் எழுதிய, பழைய பிரதிகள் சிலவற்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு கெங்கம்மா வந்துவிட்டாள்.

கிடங்கில் அவள் இடம் போய்விட்டது. திருவொற்றியூர்ப் பக்கம் சாக்கு தைக்கிற வேலைக்குப் போனாள். கோணி ஊசி விரலைக் குத்திப் புண்ணாக்கியது. அம்மா பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. “உன் படிப்பும் போச்சு, வேலையும் போச்சு” என்று சோறு போடும்போது மட்டும் சொல்வாள். எத்திராஜ் மட்டும் ஒரு நாள், “அது ஒரு முடிவோட கீது. உட்டுடு” என்றார்.

ஐந்தாம் வகுப்பில் நாலு பெண்கள் ராயபுரம் போகத் தயாராக இருந்தார்கள். வேம்பு, இன்னாசியின் மகள் அந்தோணியம்மா, அமீருதீனின் மகள் ஷரீபா, வேலப்பனின் மகள் குப்பு. விடிந்ததும் பள்ளிக்கூட முற்றத்தில் கூடினார்கள். ஆஸ்பத்திரி வேலைக்கு முன்னால் சிலுவையம்மாள் வந்தாள். சாக்குக்கு முன்னால் கெங்கம்மா. ஞானம் வாத்தியாரம்மா பெண்களோடு பெண்ணாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கு நாற்பது வயதுக்கு மேல். உச்சரிப்பு தப்பினால் சிலுவையம்மாள் மற்றவர்களைத் திருத்துகிற மாதிரியே அவரையும் திருத்தினாள். முதல் வாரம் இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

சிலுவையம்மாளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். “அர்த்தம் தெரியாம ஒரு வார்த்தைகூட வாயில வரக்கூடாது. நெட்டுரு போட்டா வெளிய போ.” குப்பு அழகாக ஒப்பிப்பாள். அவளைத்தான் அதிகமாக நிறுத்தினாள்.

கெங்கம்மா முற்றத்தையே வகுப்பாக்கினாள். நில், உட்கார், எடு, மூடு, எழுது, அடுத்தவள் என எல்லாம் இங்கிலீஷில். கேட்டவுடன் கை செய்ய வேண்டும். யோசிக்கக் கூடாது. ஒரு நாள் எத்திராஜ் வேலையிலிருந்து வந்து வீட்டு வாசலில் நிற்க, வேம்பு “ஸிட் டவுன்” என்றாள். அவர் இன்னது என்று தெரியாமலே உட்கார்ந்தார். அன்று அம்மாவும் சிரித்துவிட்டாள். பல நாளுக்குப் பிறகு அவள் கெங்கம்மாவின் விரலைப் பிடித்து ஊசிப் புண்ணில் எண்ணெய் தடவினாள்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சையம்மா நெட்டுக்குப்பத்திலிருந்து வந்து சேர்ந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. சற்று நேரம் பாடத்தைக் கவனித்தாள்.

“இதெல்லாம் சரி. சிரிச்சா இன்னா பண்ணுவாங்க?” என்றாள்.

“யாரு சிரிச்சா?” என்றாள் வேம்பு.

“அங்க சிரிப்பாங்க. தப்பா சொன்னா சிரிப்பாங்க. சரியா சொன்னாலும் உன் பேச்சக் கேட்டு சிரிப்பாங்க. எனக்கு அந்த வார்த்த தெரியாதது பெரிசில்ல. சிரிச்சதத்தான் தாங்க முடியல.”

அதற்கும் அவளே வழி சொன்னாள். ஒருத்தி எழுந்து பதில் சொல்ல வேண்டும். மற்ற எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். உண்மையாகவே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அவள் நிறுத்தாமல் பதிலைச் சொல்லி முடித்துத்தான் உட்கார வேண்டும். முதல் தடவை அந்தோணியம்மா அழுதுவிட்டாள். ஷரீபா கோபித்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். பச்சையம்மா விடவில்லை. குழந்தையை ஞானம் வாத்தியாரம்மாவின் மடியில் கொடுத்துவிட்டுத் தானே எழுந்து நின்றாள்.

“என்னப் பாத்து சிரிங்க” என்றாள். சிரித்தார்கள். தனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷான ‘ஸ்டாண்ட் அப்’பையும் ‘ஸிட் டவுன்’னையும் சிரிப்புக்கு நடுவில் அவள் மாற்றி மாற்றிச் சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் சிவந்து, குரல் தடுமாறியது. ஆனாலும் நிறுத்தவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள்தான் நிறுத்தினார்கள். அந்த மாதம் முழுக்க ஞாயிறுதோறும் அவள் வந்தாள்.

சித்திரையில் குப்புவின் வீட்டார் வியாசர்பாடிக்குக் குடிபோனார்கள். வேலப்பனுக்கு அங்கே நூல் ஆலையில் வேலை கிடைத்திருந்தது. அங்கிருந்து ராயபுரத்துக்கு நடத்தி அனுப்ப மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். கெங்கம்மா இரண்டு முறை போய்ப் பேசியும் பயனில்லை.

ஆனியில் மற்ற மூவரும் ராயபுரத்தில் பரீட்சை எழுதினார்கள். ஃப்ளோரன்ஸ் அம்மாளே நேரில் உட்கார்ந்து இங்கிலீஷில் கேள்வி கேட்டார். அடுத்த அறையில் யாரோ சிரித்த சத்தம் கேட்டது. ஷரீபா தலையைத் திருப்பாமல் சொல்லிக்கொண்டே போனாள். வேம்பு கணக்கு முழுவதையும் சரியாகப் போட்டாள்; சொல்வதைக் கேட்டு எழுதுவதில் பாதி தப்பு. அந்தோணியம்மாவுக்கு எழுத்தும் வரவில்லை, பேச்சும் வரவில்லை.

“இரண்டு பேரை முதல் பாரத்துல எடுத்துக்கறேன். காலாண்டு வரைக்கும் பார்ப்பேன்” என்றார் ஃப்ளோரன்ஸ் அம்மாள். “இந்தப் பொண்ணு ஐந்தாம் வகுப்புல ஒரு வருஷம் இருக்கட்டும். நாலாவது வேண்டாம்.”

இன்னாசி மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பப் பார்த்தார். அவர் சூசையப்பர் கோயில் தெருவில் வலை பின்னுகிறவர். “பாஸான வகுப்புலயே மறுபடியும் குந்தணுமா? மானம் போவுது. வூட்லயே இருக்கட்டும்.”

கூட வந்திருந்த சிலுவையம்மாள் வழியை மறித்து நின்றாள். “மாமா, நான் ஒரு வருசமும் தோக்காம மேல போனேன். கடைசியில இன்னா ஆச்சி? துணி வெளுக்குறேன். உங்க பொண்ணு ஒரு வருசம் நின்னு போனா நெலைச்சிப் போவும். என்ன மாதிரி ஆக்காதீங்க.”

இன்னாசி அவளை ஏற இறங்கப் பார்த்தார். கஸ்பாரின் மகள் பெரிய படிப்பு படித்தவள் என்றுதான் அந்தத் தெருவே சொல்லும். அவர் மகளின் கையை விட்டார்.

காலாண்டுப் பரீட்சை முடிவு வந்த அன்று மாலை வீட்டில் எல்லாரும் வேம்புவுக்காகக் காத்திருந்தார்கள். கெங்கம்மா ஊசியில் நூலைக் கோத்துக் கோத்து உருவிக்கொண்டிருந்தாள். வேம்பு வந்து பையை ஆணியில் மாட்டினாள்.

“கணக்குல வகுப்புலயே நான்தான் முதல். ஷரீபா எல்லாத்துலயும் பாஸு” என்றாள். “நான் இங்கிலீஷ்ல பெயிலு நைனா. கேட்டு எய்துறதுல முக்காவாசி தப்பு.”

அம்மா கெங்கம்மாவைப் பார்த்தாள். எத்திராஜ் கேட்டார், “அப்ப? நிறுத்திடலாமா?”

“இன்னாத்துக்கு? அரையாண்டுக்குள்ள சரி பண்ணணும். ஃப்ளோரன்ஸ் அம்மாவே சொன்னாங்க, தெனம் ஒரு பக்கம் எய்தி எடுத்துனு வான்னு. அக்கா, நீ படி. நான் எய்தறேன்.”

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். கெங்கம்மா பதினொரு வயதில் சொல்ல முடியாமல் விழுங்கிய ‘பெயிலு’ என்ற வார்த்தையை இவள் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதுபோலச் சொல்லிவிட்டாள். கெங்கம்மா புத்தகத்தைப் பிரித்து, எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். அரையாண்டில் வேம்பு தேறினாள். மயிரிழையில்தான் தேறினாள், ஆனால் தேறிவிட்டாள்.

அந்த வருஷக் கடைசியில் ஞானம் வாத்தியாரம்மா, “நீயே எட்டாவது பரீட்சையைத் தனியா எழுதேன். தேறினா இங்கேயே உதவி ஆசிரியையா வச்சுக்கக் கேட்டுப் பார்க்கறேன்” என்றார். கெங்கம்மா எழுதினாள். இங்கிலீஷில் தேறினாள், கணக்கில் தேறினாள். பூகோளத்தில் தவறிவிட்டாள். இங்கிலீஷ் பயத்தில் அந்தப் பாடத்தை அவள் நினைத்தே பார்க்கவில்லை.

“இன்னாமே இது, பூகோளத்துல போய் உட்டுட்ட?” என்றாள் சிலுவையம்மாள்.

“ஊரே தாண்டினதில்ல. ஆப்பிரிக்கா எங்க கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்” என்றாள் கெங்கம்மா. மறுநாளே வேம்புவின் பூகோளப் புத்தகத்தைச் சாக்குக் கட்டுக்கு மேல் விரித்துவைத்துத் தைக்க ஆரம்பித்தாள். அடுத்த வருஷம் தேறினாள்.

அவள் உதவி ஆசிரியையாகச் சேர்ந்தபோது வேம்புவும் ஷரீபாவும் மூன்றாம் பாரத்துக்குப் போயிருந்தார்கள். அந்தோணியம்மா இரண்டாம் பாரத்தில் வகுப்பிலேயே நன்றாக இங்கிலீஷ் பேசினாள். டோல்கேட் பள்ளியிலிருந்து அந்த ஆனியில் இன்னும் ஐந்து பெண்கள் ராயபுரத்துக்குப் போனார்கள். ஐப்பசி மழையில் அவர்களில் ஒருத்தி, வண்ணாரப்பேட்டைக்காரி, நின்றுவிட்டாள் என்று செய்தி வந்தது. கெங்கம்மா பள்ளிக்கூடம் விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனாள்.

அந்தப் பெண் கதவோரம் நின்று, பாட்டிக்குத் துணையாக யாரும் இல்லை, அதனால்தான் என்றாள்.

“அது இருக்கட்டும்” என்று கெங்கம்மா ஈரக் குடையை மூலையில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். “இப்ப நெஜத்தச் சொல்லு.”